வெயில் குடித்த சிவப்பு

"ஏலே, எவன் வண்டிலே இது? லோடு லாரி உள்ள வர வேண்டாமா?"

மிஷின்மேன் சீனிச்சாமி வாசலில் போட்ட சத்தத்தில், நவநீதகிருஷ்ணன் கையிலிருந்த காரைக் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டான்.

கையில் கார் என்றால்... உள்ளங்கை நீளக் கார். சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை, நிறமும் இல்லை. வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடு. அதன் அசல்தான் வாசலில் லாரியை மறித்துக்கொண்டு நின்றது. ஒன்பது வயதான சிவப்பு ஸ்விஃப்ட்.

நவநீதனுக்கு வயது முப்பத்தாறு. விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை. நெற்றி ஆண்டுக்கொரு விரல்கடை உயர்ந்துகொண்டிருந்தது. அப்பேர்ப்பட்ட முதலாளி பட்டப்பகலில் சிவகாசி அச்சகத்துக்குள் பொம்மைக் காரோடு நிற்பதை, நல்லவேளை, ஊர்க்காரர்கள் யாரும் பார்க்கவில்லை.

"வண்டி யாருதுன்னு கேக்காகல்ல?"

மை கலக்கும் அறையிலிருந்து அவள் வந்தாள். கையில் மை வழிக்கும் கத்தி. விட்டால் குத்திவிடும் வேகம். வாசலில் நின்ற காரைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நம்பரை ஒருமுறை படித்தாள். பிறகு மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

அந்தக் கண்கள்... கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அச்சாகி வந்த தாளை ஈரம் காயுமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கறுப்புக்கு அடியில் ஒரு நீலம் ஓடுமே... அந்தக் கறுப்பு.

"எ... என்னுதுதான்."

"எதுங்க? கையில இருக்கிறதா, கேட்டுல இருக்கிறதா?"

"ரெண்டும்."

சீனிச்சாமி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

காரை நகர்த்தி வைத்துவிட்டு வந்து, நவநீதன் விஷயத்தைச் சொன்னான். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி. எண்பத்தேழு துண்டுகள். ஒட்டி முடித்தால் அவனுடைய காரே இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருங்கி உட்கார்ந்துவிடும். நம்பர் பலகை, டேஷ்போர்டில் ஒட்டிய மாரியம்மன் படம், உடைந்து டேப் சுற்றிய இடது கண்ணாடி எல்லாம் அப்படியே வர வேண்டும். நிறம் மட்டும் வசப்படவில்லை. பெயின்ட் கடைக்காரர் கொடுத்தது கம்பெனிச் சிவப்பு. அவன் காரோ அந்தச் சிவப்பைக் கைவிட்டு வருஷமாகிறது. போதாக்குறைக்கு அவர் கொடுத்த தின்னரில் முதல் கூட்டின் கூரை அப்பளம் போலச் சுருங்கிவிட்டது. இது இரண்டாவது பெட்டி.

"இங்க செல்லக்கனின்னு ஒருத்தர் இருக்காகளாம். எந்தக் கலரையும் ஒரு தடவ பாத்தாலே கலந்து குடுத்துருவாகன்னு சொன்னாங்க."

"நான்தான்."

வெளியே வந்து கொதிக்கிற பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"இது செவப்பே இல்ல, அண்ணாச்சி. வெயில் குடிச்ச செவப்பு. மிச்சம் வச்சிருக்கிறதுதான் நீங்க பாக்கிறது."

அண்ணாச்சி! விருதுநகரில் கடை வைத்திருப்பவனைச் சின்னப்பிள்ளை முதல் கலெக்டர் ஆபீஸ் பியூன் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகக் காதில் விழுந்த வார்த்தை. இன்றைக்கு மட்டும் ஏன் குண்டூசி மாதிரிக் குத்துகிறது...

"அசலு வாசல்ல நிக்கையில நகலு எதுக்கு?"

"சும்மா... ஹாபி."

பொய். வருகிற வளர்பிறை வெள்ளியன்று மல்லாங்கிணறு டாக்டர் ஒருவர் காரை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். நவநீதன் ஊர் சுற்றுவதற்காக அந்தக் காரை வாங்கியவன் இல்லை. 'மாப்பிள்ளைக்குக் கார் இருக்கு' என்று தரகர் சொல்வதற்காக அம்மா வாங்க வைத்தது. அதில் ஏழு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனான். ஆறு வீட்டில் நாசூக்காக வேண்டாம் என்றார்கள். ஏழாவது வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அதற்குப் பிறகு காரை மூடி வைப்பதையும் பாலிஷ் போடுவதையும் விட்டான். இனி எதற்கு அது? சின்னதாக ஒன்று செய்து ஷோகேஸில் வைத்துக்கொண்டால் இடத்தை அடைக்காது. கல்யாண ஆசையை வைக்கவும் அந்த அளவு இடம் போதும் என்று முடிவு கட்டியிருந்தான்.

இரண்டாம் தடவை வந்தபோது, ஸ்கிரீன் பிரிண்டிங் மையில் கலந்து, மாத்திரை டப்பா அளவு குப்பியில் வைத்திருந்தாள். நவநீதன் ட்யூப்லைட்டுக்குக் கீழே தொட்டுப் பார்த்தான். அச்சு அசல்.

"இங்கன பாக்காதீக. ட்யூப்லைட்டுக்கு ஒத்துப் போறது வெயிலுக்கு ஒத்துப் போகாது. வெளிய வாங்க."

வெளியிலும் அச்சு அசல்தான். ஆனால், நல்லாயிருக்கு என்றால் கிளம்ப வேண்டும்...

"கொஞ்சூண்டு... மஞ்ச கூடுன மாதிரி இல்ல?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பொய்யில் எத்தனை பங்கு மஞ்சள் என்று அளந்துவிடுகிற பார்வை.

"சரி. குறைச்சுத் தாரேன்."

மூன்றாம் தடவை வந்தபோது வானம் கறுத்திருந்தது. காற்றுக்கூட ஈரமாய் வந்தது. ஒரு மழை பெய்தால், இரண்டு பேர் ஒரே கூரைக்குள் ஒதுங்கலாம்... உலகத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தானே நடக்கிறது? பட்டாசு காய வைக்கிற ஊரில் மழைக்கு ஆசைப்பட்டால் அடிக்க வருவார்கள். பத்து நிமிஷத்தில் மேகம் கலைந்து, வெயில் சுள்ளென்று முதுகில் ஏறியது.

"இன்னிக்கு என்ன குறை, அண்ணாச்சி?"

"அண்ணாச்சியத்தான் குறைக்கணும்."

"பின்ன எப்படிக் கூப்புட? தம்பின்னா?"

"வேண்டாம்... சார்னே சொல்லுங்க."

"சாரு, விருதுநகர்ல இருந்து சுண்டு விரல் அளவு மைக்கு இம்புட்டு தூரம் வாரீகளே, கடைய யாரு பாக்கா?"

"கடை பாத்துக்கிரும். வத்தல் எங்க ஓடிரப் போகுது?"

அவள் சிரித்தாள். அதுதான் முதல் சிரிப்பு. முடிந்த உடனே கண்ணில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. வருத்தம் மாதிரி. நாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம் நான்காம் தடவையாகப் போனான். இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும். நாளையோடு கார் இல்லை. கார் இல்லையென்றால் வருவதற்குச் சாக்கும் இல்லை.

அவள் ஒரு குப்பியை நீட்டினாள். "இதுதான் கடைசி. இதுவும் பிடிக்கலன்னா வேற ஊரு பாத்துக்கிடுங்க."

அட்டையில் தொட்டுத் தேய்த்து, பானெட்டோடு வைத்துப் பார்த்தான். இந்தத் தடவை பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பானெட் பழைய செங்கல் மாதிரி கிடந்தது. அட்டையோ பிளந்த மாதுளை.

"இது... ரொம்பச் செவப்பா இருக்கே?"

"ஆமா."

"வண்டி இப்படி இல்லையே?"

"இப்ப இல்ல. அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு."

"என்னிக்கு?"

அவள் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நாலு வருசம் முந்தி. ஆவணி மாசம், ஞாயித்துக்கெழம. திருத்தங்கல்ல எங்க வீட்டு வாசல்ல முக்கா மணி நேரம் நின்னுச்சு."

ஏழாவது வீடு. அந்தப் பெண்ணின் பேரைக்கூட அன்று அவன் காதில் வாங்கியிருக்கவில்லை.

"நீங்க... அந்த வீட்டுப் பொண்ணா?"

"காப்பி கொண்டாந்து வச்சேன். நீங்க தலய நிமித்தவே இல்ல. சன்னல் வழியா வண்டியவே பாத்துக்கிட்டிருந்தீக. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாத்தேன்... கலரு மனசுல நின்னுபோச்சு. தொழிலு அப்படி."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்னு உங்க மாமா சொல்லிட்டுப் போனாக."

எல்லாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அதற்குப் பாதிப் பேர் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

"அப்பா அத வாக்கு குடுத்த மாதிரி எடுத்துக்கிட்டாக. குளிக்கப் போனாலும் போனு கூடவே போகும். நடுவுல சாத்தூர்ல இருந்து ஒரு எடம் வந்துச்சு. 'விருதுநகர்க்காரக பதில் வரல. அவுகளக் கையில வச்சுக்கிட்டு இன்னொருத்தர வரச் சொல்றது முறையில்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாக. பதினோரு மாசம்... அப்புறம் நெஞ்சுவலி. போயிட்டாக. அதுக்கப்புறம் யாருக்கும் காப்பி கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரல."

மிஷின் ஓசை நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம்.

"வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு போனு போதுமே, அண்ணாச்சி."

இந்த அண்ணாச்சி குத்தவில்லை. அறைந்தது.

அவன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அன்று திரும்பி வரும்போது தங்கச்சாமி மாமா, "பொண்ணு எப்படி மாப்ள?" என்று கேட்டார். பார்க்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? "உங்க இஷ்டம் மாமா" என்றான். மாமா அதைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அவன் மெல்ல விசாரித்தபோது, "அவுகளும் ஒண்ணும் பேசலயேப்பா" என்றார். சொல்ல வேண்டியது மாப்பிள்ளை வீடுதான் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆறு வீட்டில் அடிபட்ட ரோஷம்... ஏழாவது வீட்டுக்கும் நாமே போய் நிற்க வேண்டுமா என்று இருந்துவிட்டான். அந்த ரோஷத்துக்கு ஒரு மனிதர் பதினோரு மாதம் காத்திருந்திருக்கிறார்.

"நான்... வந்து..." என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வந்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் தெருமுனையில் திரும்பியது. வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான்; இதிலாவது.

நவநீதன் மாடிக்குப் போய் அந்த மாதுளைச் சிவப்பையே பிளாஸ்டிக் கூட்டுக்கு அடித்தான். ஓரிடத்தில் மை வழிந்தது. சரி செய்யவில்லை. காய வைத்துவிட்டு இறங்கினான்.

"எங்க கெளம்பிட்ட? மாமாவ வரச் சொல்லவா?" என்றாள் அம்மா.

"மாமா வேண்டாம்மா. நான் மட்டும் போறேன்."

பஸ்ஸில் ஏறினான். ஒன்பது வருடமாகப் படிக்கட்டு மறந்திருந்தது. "பாத்து ஏறுங்க பெரியவரே" என்றார் கண்டக்டர். அண்ணாச்சியே தேவலை. பொம்மைக் காரைக் கொண்டுவரவில்லை. அதைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கிற சமாச்சாரமா இது?

அச்சக வாசலில் சீனிச்சாமி எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, கேட்டு வெறிச்சுன்னு கெடக்கு? வண்டி எங்க?"

"குடுத்தாச்சு. செல்லக்கனியக் கொஞ்சம் கூப்புடுங்க."

அவள் வந்து நின்றாள். மதிய வெயில் இருவர் தலையிலும் நேராக இறங்கியது. நவநீதன் நிமிர்ந்தான். முழுசாகப் பார்த்தான். இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு. மூக்கோரம் வேர்வை. காலையில் அழுதிருப்பாள் போல... கண்ணோரம் சிவந்திருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு தரம் நிமிர்ந்திருந்தால் போதும். கழுத்துக்கு இவ்வளவுதான் வேலை.

"அன்னிக்கு உங்க முகத்தப் பாக்கல. பயம். ஆறு வீட்டுல பாத்துப் பாத்து ஆசைப்பட்டு... ஏழாவதா பாக்கத் தைரியம் இல்ல. ஆனா டம்ளர வச்சீகளே, அந்தக் கையப் பாத்தேன். ஆள்காட்டி விரல் நகத்துல நீல மை. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. மாமாகிட்ட அதச் சொல்ல வாயி வரல. நகத்துல மை பிடிச்சிருக்குன்னா சிரிப்பாகன்னு நெனச்சேன்."

அவள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"தப்பு என்னுது. மாமாவுது இல்ல. உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கணும். இனி அவுககிட்ட சொல்ல முடியாது. அத எங்க கொண்டுபோய் வைக்கன்னு தெரியல. உங்ககிட்டயாவது நானே சொல்லணும்னு வந்தேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, செல்லக்கனி. அன்னிக்கும். இந்தப் பத்து நாளும்."

உள்ளே யாரோ மிஷினைப் போட்டு உடனே நிறுத்தினார்கள். சீனிச்சாமியாகத்தான் இருக்கும். கேட்க வேண்டுமே.

அவள் கண் நிறைந்தது. துடைக்கக் கை போய், விரலில் மை இருப்பதைப் பார்த்து நின்றது.

"அன்னிக்கு எனக்கும் பிடிச்சிருந்துச்சு" என்றாள் மெதுவாக. "தலையக்கூட நிமித்தாத ஆள எப்படிப் பிடிச்சுச்சுன்னு கேக்காதீக. யாருகிட்டயும் சொன்னதில்ல. அப்பாகிட்டகூட. சொல்லியிருந்தா, அவுகளே விருதுநகருக்குப் பஸ் ஏறியிருப்பாக... என் பங்கும் இருக்கு."

"இன்னிக்கு?"

"இன்னிக்குத் தெரியல. அப்பா மொகம்தான் முன்னால வருது. கொஞ்ச நாள் ஆகும். காத்திருப்பீகளா?"

"இருப்பேன்."

"எம்புட்டு நாளு?"

பழக்க தோஷத்தில் ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"நீங்க சொல்ற வரைக்கும்."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அங்கேயே நின்றான். போவதா, நிற்பதா... காத்திருப்பதற்கென்று ஒரு முறை இருக்குமோ என்னவோ, அவனுக்குப் புதுசு.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"காத்திருக்கிறதுதான் காத்திருக்கீக... வெயில்ல ஏன்? உள்ள வந்து நெழல்ல இருங்க."