அரை மணி நேரக் கரண்ட்

மாலை ஆறே கால். ஐந்தாம் மாடி வீட்டில் பெரியவர் இறந்து கிடந்தார். கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம். அதன் ப்ளக்கை யாரோ கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள்.

சூரியப் புயல் தாக்கி அன்று மூன்றாம் நாள். மின்சாரம், நெட்வொர்க், லிஃப்ட் எல்லாம் ஒரே மூச்சில் போயிருந்தன. படியேறி வந்த இன்ஸ்பெக்டருக்கு அன்று பார்த்த சாவுகளின் கணக்கு மறந்துவிட்டது. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மனசு மரக்கட்டையாகியிருந்தது. அவருடைய போனும் முதல் நாளே உயிரை விட்டிருந்தது.

"இவதான் மேடம்!" பெரியவரின் மகன் நர்ஸைக் காட்டினான். "இருந்த சிலிண்டர் தீந்துபோச்சு, வேற வாங்கப் போறேன்னு காலைல கிளம்புனவ, ப்ளக்கைப் புடுங்கிப் போட்டுட்டுப் போயிருக்கா. மத்தியானம் அரை மணி நேரம் கரண்ட் வந்துச்சாம். ப்ளக் இருந்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாரு."

"வந்துச்சாமா? நீங்க பாக்கலையா?"

"அசந்து தூங்கிட்டேன். கீழ்வீட்டுல சொன்னாங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த நர்ஸின் மடியில் சிலிண்டர் இருந்தது. "எப்ப கரண்ட் வந்தாலும் ஓடட்டும்னு மாட்டித்தான் வெச்சேன், மேடம். ஊர் பூரா நடந்து இதை வாங்கிட்டு வர்றதுக்குள்ள..."

வழக்கு என்று வந்தால் அவளுக்குச் சிறை. வெளியே வந்தாலும் எந்த வீட்டிலும் நோயாளியை அவளிடம் விடமாட்டார்கள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அந்தப் பழி இவள் தலையில் விழப் பார்த்தது.

அறை இருட்டத் தொடங்கியது. "கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மகன் போன் டார்ச்சை அடித்தான். சுவரில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்.

"மத்த ரூம்ல?"

"புயலன்னிக்கே எல்லா லைனும் புகைஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் தப்பிச்சுது."

இன்ஸ்பெக்டர் நர்ஸிடம் திரும்பினார். "நேத்து ராத்திரி எந்த வெளிச்சத்துல பாத்துக்கிட்டீங்க?"

"மெழுகுவத்திதான் மேடம். இந்த சார் போன், என் போன் ரெண்டும் சாயங்காலமே ஆஃப் ஆயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் மகனின் கையைப் பார்த்தார். "நேத்து செத்த போன் இன்னிக்கு எப்படி எரியுது?"

அவன் போனைக் கீழே தாழ்த்தினான்.

"கரண்ட் வந்தது இந்த ஒரு பாயிண்ட்ல. அதுல போன் ஏறணும்னா மெஷின் இறங்கணும். நீங்க தூங்கல."

அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"கரண்ட் இல்லாதப்பவே சார்ஜரை மாட்டி வெச்சிட்டேன். திடீர்னு போன் எரிஞ்சுது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். லைனே போகல. அப்பா மூச்சுக்குத் திணறிக்கிட்டிருந்தாரு. அவருக்கு ஆக்சிஜன் வேணும்னு சொல்லத்தான் மேடம்..."

"மெஷின் ஞாபகம் எப்ப வந்துச்சு?"

"மறுபடி கரண்ட் போனப்ப."

அவனைத் திட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது, வாய் வரவில்லை.

"உங்க மேல தப்பில்ல. நீங்க போகலாம்" என்றார் நர்ஸிடம். அவள் போகவில்லை. சிலிண்டரை ஓரமாக வைத்துவிட்டு, பெரியவரின் மூக்கிலிருந்து குழாயை எடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"யாருக்காவது சொல்லணுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அக்காவுக்கு."

அவன் விரல் தானாக அக்காவின் பெயரைத் தொட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.