பத்து மணிக்கு ஒரு சோடா!

ஆஸ்திரேலியா. ஜீலாங் போலீஸ் ஸ்டேஷன்.

காலை எட்டு இருபதுக்கு டெலிபோன் அலறியது.

எடுத்தவர் காதுக்குள் ஒரு பெண்ணும் அலறினாள்.

"வெடிச்சிடுச்சு... டெஸ்மண்ட் செத்துட்டான்! ஐயோ, சீக்கிரம் வாங்க!"

பதினைந்தாவது நிமிடம் சார்ஜன்ட் நோலீன், போன் வந்த கம்பெனியின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தாள். ஐம்பத்திரண்டு வயது. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டாள். கல்யாணத்தன்று பாதிரியாரையே குறுக்கு விசாரணை செய்தவள் என்று ஸ்டேஷனில் பேச்சு.

பின்னாலேயே கான்ஸ்டபிள் ப்ராடி, பாதி தின்ற 'மீட் பை' என்ற கறிப் பலகாரத்தோடு.

அந்த ஊர் ஜனவரிக் கோடை வெயில் அதற்குள் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது.

மேஜையருகே டெஸ்மண்ட் மல்லாந்து கிடந்தான். கழுத்தில் ஓர் உலோகத் துண்டு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

ப்ராடிக்குப் பசி போய்விட்டது.

"போன் பண்ணது யாரு?"

"நான்தான்... டாம்சின்." முப்பத்தைந்து வயதுப் பெண் கண்ணைத் துடைத்தாள். "நானும் டெஸ்மண்டும் கூட்டாளிங்க. இந்தக் குடுவையை டிசைன் பண்ணது நான். செஞ்சு, சோதிச்சுப் பார்க்கறது அவன்."

"என்ன குடுவை?"

"தண்ணில கேஸ் ஏத்தறதும் பழ ருசி சேர்க்கறதும் ஒரே குடுவைல. ஒரு அழுத்து அழுத்தினா பேஷன் ஃப்ரூட் சோடா ரெடி. இன்னிக்குப் பத்து மணிக்கு ஆக்லாந்துலருந்து வாங்கறவங்க வர்றாங்க..."

"வந்து என்ன பண்ண? சாவுக்குத்தான் வரணும்!"

குறுக்கிட்டவன் ரெக்ஸ். கம்பெனியின் விற்பனை மேனேஜர். வெயிலில் வெந்த முகம்.

"ஆறு மாசமா அடிச்சுக்கிட்டேன் மேடம்! குடுவை ரொம்ப மெலிசா இருக்கு, மெலிசா இருக்குன்னு. கேட்டாளா? எடை குறையணுமாம்! இப்ப ஒரு உசிரு குறைஞ்சிடுச்சு!"

"பொய்! நாம போடற அழுத்தத்துல நாலு மடங்கு தாங்கும் அது!"

"தாங்கின லட்சணம் கீழ கிடக்கு பாரு!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" நோலீன் அதட்டினாள். "டாம்சின்... டிசைன்ல கோளாறுன்னு ஆச்சுன்னா உங்களுக்கு ஜெயில்தான். புரியுதா?"

டாம்சின் தலையாட்டினாள். "புரியுது."

"நீங்க எங்க இருந்தீங்க ரெக்ஸ்?"

"முன் ரூம்ல. டெஸ்மண்ட் குடுவையை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தான். டமார்னு சத்தம். ஓடி வந்தேன். வாசல்ல அப்பதான் இவ காரை நிறுத்தறா."

"எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"தண்ணிலதான்." பதில் சொன்னது டாம்சின். "குடுவை நிறையத் தண்ணி ஊத்தி, கை பம்பால அழுத்தம் ஏத்துவோம். தண்ணியை நசுக்க முடியாது. அதனால குடுவை கிழிஞ்சாலும் ஒழுகும், அவ்வளவுதான். ஆளைக் கொல்லாது. கேஸை வெச்சு டெஸ்ட் பண்றவன் பைத்தியக்காரன்."

நோலீன் குனிந்தாள். தரையைத் தடவிப் பார்த்தாள்.

ரத்தம் இருந்தது. தண்ணீர் இல்லை!

"ஒரு சொட்டு ஈரம் இல்ல. பம்ப் அங்க மூலைல தூசியோட கிடக்கு. அப்ப இது டெஸ்ட்டே இல்ல ரெக்ஸ்."

"டெஸ்ட்டுன்னுதான் நான் நினைச்சேன் மேடம்..." என்றான் ரெக்ஸ்.

டாம்சின், குடுவைக்கு கேஸ் அனுப்பும் சிலிண்டர் பக்கம் திரும்பினாள். திடுக்கிட்டாள்.

"ரெகுலேட்டர் முழுசாத் திறந்திருக்கு! எப்பவும் ஒரு சுத்துதான் திறப்போம்!"

"அதிகமாப் போனா வெளிய விட வழி கிடையாதா?"

"இருக்கே. குக்கர் மாதிரி சேஃப்டி வால்வு..."

நோலீன் மேஜைக்கு அடியிலிருந்து குடுவையின் மூடியை எடுத்தாள். வால்வு அதில் அப்படியே இருந்தது. அதன் துளையில் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது.

பசை!

"விபத்து இல்ல." நோலீனின் குரல் இறங்கியது. "யாரோ அடைச்சிருக்காங்க."

"மேடம்..." ப்ராடி ஒரு டிராயரைத் திறந்து காட்டினான். "பசை ட்யூப். புதுசாத் திறந்தது."

"யார் டிராயர் அது?"

"என்னோடது..." என்றாள் டாம்சின். "ஆனா நான் இல்ல!"

ரெக்ஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"இன்னும் ஒண்ணு கேளுங்க மேடம். இவங்க ஒப்பந்தத்துக்கு நான்தான் சாட்சி. கூட்டாளில ஒருத்தர் செத்தா, டிசைன் உரிமை முழுசும் இன்னொருத்தருக்கு! இன்னிக்குக் காலைல யாருக்கு அடிச்சது அதிர்ஷ்டம்?"

டாம்சின் சுவரில் சாய்ந்தாள். "ரெக்ஸ்... நான் அவனைக் கொல்வேனாடா? சனிக்கிழமை என் வீட்டு பார்பெக்யூல ஒண்ணாத்தானேடா சாப்பிட்டோம்!"

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லு."

நோலீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையை நீட்டுங்க. ரெண்டு பேரும். இந்தப் பசை தோல்ல பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது."

நான்கு கைகள் நீண்டன.

ரெக்ஸின் கையில் வியர்வை. டாம்சினின் கையில் கண்ணீர்.

பசை எதிலும் இல்லை.

"அப்ப வெளியாளா மேடம்?" ப்ராடி கிசுகிசுத்தான்.

"இன்னும் ரெண்டு கை பாக்கி இருக்கு ப்ராடி."

நோலீன் மண்டியிட்டாள். டெஸ்மண்டின் வலது கையைத் திருப்பினாள்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்... ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன!



"பத்து மணிக்கு வர்றவங்க முன்னால குடுவையை அழுத்திக் காட்டறது யாரு டாம்சின்?"

"நான்... எப்பவும் நான்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒப்பந்தம் ரெண்டு பக்கமும் வெட்டும்," என்றாள் நோலீன். "நீங்க செத்தா உரிமை அவனுக்கு. டிசைன் கோளாறுன்னு பழி உங்களுக்கு. பசையைக் கண்டுபிடிச்சாலும் ட்யூப் உங்க டிராயர்ல. கத்தியும் இல்ல, கொலை வழக்கும் இல்ல."

"அப்புறம் ஏன்... அவனே ஏன் அழுத்தினான்?"

கேட்டவளே பதிலையும் சொன்னாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"அவன் கை அப்படி. எந்தக் குடுவையா இருந்தாலும் காலியா இருக்கறப்பவே ஒரு தடவை லேசா அழுத்திப் பார்க்காம மேஜையை விட்டு அனுப்பமாட்டான். பத்து வருஷப் பழக்கம்... கை தன்னால போயிருக்கும். பாவி! உனக்காகவாடா இவ்வளவு நேரம் அழுதேன்?"

ரெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். "டாம்சின்... என்னை மன்னிச்சிடு."

அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

நோலீன் குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "உங்க டிசைன்ல தப்பில்லைன்னு நானே எழுதித் தரேன். எழுந்திருங்க."

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ப்ராடி வேக வேகமாகக் குறிப்பெழுதிக்கொண்டே நிமிர்ந்தான்.

"மேடம், கொலைகாரனைப் பிடிச்சாச்சு. கைவிலங்கு எடுத்துட்டு வரவா?"

"வேணாம் ப்ராடி... ஸ்ட்ரெச்சர் போதும்!"