வலது ஓரத்துக் கட்டங்கள்

நாற்காலியைக் காட்டியும் அந்தப் பெண் உட்காரவில்லை. கிடங்கு வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு நேராக வந்திருந்தாள்.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க சார். முப்பது பேர் இருந்த வகுப்புல, எழுப்பி நிக்க வெச்சு."

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முதல்லேருந்து சொல்லும்மா" என்றார். பக்கத்து மேசையில் அவருடைய மைத்துனர் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். மனைவியின் தம்பி, வயது நாற்பத்தைந்து. வழக்கு முழுவதையும் கேட்பதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிற அவசரக்காரர்.

பகலெல்லாம் கிடங்கில் சரக்கு அடுக்குகிறவள், ஆறு மாதமாக மாலை வகுப்பில் கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுவந்தாள். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு வியூக விளையாட்டைத் தானே செய்ய வேண்டும். சிறந்ததைச் செய்தவருக்கு ஒரு விளையாட்டு நிறுவனத்தில் வேலை.

"என் விளையாட்டுல வாள் சண்டை பெருசா கிடையாது. ரெண்டு படை. யாரு உணவு வண்டியைக் கோட்டைக்குக் கொண்டு சேக்கறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. பட்டினி கிடக்கிற படை எப்படிங்க சண்டை போடும்? கிடங்குல வேலை பாக்கறவளுக்கு அதுதானே முதல்ல தோணும்?"

ஆட்டத்தில் வண்டிகள் சில சமயம் வழியிலிருந்த பாறைக்குள்ளேயே புகுந்து போயின. என்ன பிழை என்று கேட்டு, விளையாட்டை அப்படியே பயிற்சியாளரிடம் கொடுத்தாள். அவர் ஒரு வாரம் வைத்திருந்தார். ஒப்படைக்கும் நாளில் வகுப்பு நடுவே எழுந்து, இது நான்கு மாதத்துக்கு முன்பே நான் செய்தது, என் கணினியிலிருந்து இவள் திருடிவிட்டாள் என்றார், வாய் கூசாமல். அவள் பெயரை வகுப்புப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

"பயிற்சியாளர்தான் அத்தான்! சந்தேகமே இல்ல!"

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா மச்சான்? நிரூபிக்கணுமே" என்று துப்பறிவாளர் எழுந்தார்.

பயிற்சியாளர் அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். கணினியில் கோப்பின் தேதியைக் காட்டினார். நான்கு மாதப் பழையதுதான். மைத்துனரின் முகம் தொங்கிப்போனது.

துப்பறிவாளர் தேதியைப் பொருட்படுத்தவில்லை. விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடினார். ஒன்பது வரிசை, வரிசைக்குப் பதினொரு கட்டம். நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி, நான்கு கட்டத்தை அடைத்துக்கொண்டு ஒரு பாறை. கீழ் ஓரத்தில் ஒரேயொரு கட்டம் சேறு. அதில் இறங்கும் வண்டி ஒரு முறை ஆட்டம் இழக்கும். எந்தக் கட்டத்தைக் கடக்கவும் ஓர் அடி செலவு. வலது ஓரத்துக் கட்டங்களை மட்டும் குறுக்கே கடந்தால் அரை அடி.

"பாறையை ஏன் இங்க வெச்சீங்க?"

"சமநிலைக்காக."

"ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கே?"

"அதுதான் சார் வியூகம். ஆரம்பக்காரங்களுக்குப் புரியாது."

"வலது ஓரத்துல அரை அடி?"

"அது கடற்கரை. மணல் இறுகியிருக்கும், வண்டி வேகமாப் போகும்."

"படத்துல கடலையே காணோமே" என்று மைத்துனர் முணுமுணுத்தார். பயிற்சியாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது மைத்துனருக்கு வந்த கோபத்தில் பேனா முனை ஒடிந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனார்கள். அவளும் அண்ணனும் அண்ணியும் இருக்கும் பழைய மாடிக் குடித்தனம். வரைபடம், குறிப்பேடு ஏதாவது இருக்கிறதா என்று மைத்துனர் கேட்டார். ஒன்றுமே இல்லை.

"ஒரு துண்டுக் காகிதம்கூடவா இல்ல?" மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கணினியைத் தொடறதுக்கு முன்னாடி காகிதத்துல கட்டம் போட்டு ஆடிப் பாருங்கன்னு முதல் நாளே சொன்னாங்க. நான் அப்படிச் செய்யல. அண்ணி சமைக்கிறப்போ சமையலறையிலேயே உட்கார்ந்து சோடா மூடியை நகர்த்தி ஆடுவோம். வகுப்புல ஒருத்தர் சட்டைப் பொத்தானை வெச்சு ஆடிக் காட்டினப்போ அந்தப் பயிற்சியாளர் அப்படிச் சிரிச்சார். அதனால நான் யாருகிட்டயும் சொல்லல."

"நான் நாலு தடவை ஜெயிச்சேன்" என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து. "அதைக் கேட்டாங்களா யாராவது?"

துப்பறிவாளர் சமையலறை வாசலில் நின்றார். கட்டியவர் கணக்குப் பிசகியதுபோல் அறைக்குள்ளேயே ஒரு தூண். வாசலருகே விரிசல் விட்ட ஒரு தரைக்கல். சுவரோரம் இடம் போதாமல் வெட்டிப் பதித்த கற்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"மச்சான், நாளைக்கு எல்லாரையும் இங்க வரச் சொல்லு."

பயிற்சி நிலையத் தலைவி முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். தகராறு தீராமல் யாருக்கும் வேலை தர முடியாது என்று சொல்லியிருந்த விளையாட்டு நிறுவனத்தின் பெண் மேலாளரும் வந்தார். கடைசியாகப் பயிற்சியாளர்.

"இதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"இங்க எனக்கென்ன வேலை? இந்தத் தெருவுக்கே இன்னைக்குத்தான் வரேன்."

"நல்லது. எல்லாரும் சமையலறை வாசல்லேயே நின்னு ஜன்னலைப் பாருங்க." விளையாட்டின் வரைபடத்தை அச்செடுத்து மேலாளரிடம் கொடுத்தார். "தரைக்கல்லை எண்ணுங்கம்மா."

மேலாளர் எண்ணினார். ஒன்பது வரிசை. வரிசைக்குப் பதினொன்று. படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"தூண்" என்றார் மெதுவாக.

"நாலு கல்லை அடைச்சுக்கிட்டு, இடப்பக்கம் ஒதுங்கி. அதுதான் இவர் சமநிலைக்காக வெச்ச பாறை. வாசல் பக்கம் விரிசல் விட்ட கல்லு இருக்கே, சோடா மூடி அதுல மாட்டிக்கும். மாட்டினா ஒரு ஆட்டம் போச்சுன்னு அண்ணியும் நாத்தனாரும் விதி வெச்சுக்கிட்டாங்க. அதுதான் சேறு. இப்ப வலது சுவரைப் பாருங்க. முழுக்கல் பதிக்க இடமில்லாம கொத்தனார் பாதியா வெட்டிப் பதிச்சிருக்கார். பாதிக் கல்லைத் தாண்ட அரை அடி. கணினியில எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஆனா தரையில ஆடிப் பழகின இந்தப் பொண்ணு அந்த விதியையும் அப்படியே எழுதிட்டா. தேர்ந்தவங்க செய்யாத தப்பு. ஆரம்பக்காரங்க மட்டுமே செய்யற தப்பு. அதைத் திருடினவர், தப்புன்னு தெரியாம கடற்கரைன்னு கதை விட்டார்."

"தற்செயலா இருக்கலாம்" என்றார் பயிற்சியாளர்.

"ஒண்ணு ஒத்துப்போனா தற்செயல். அளவு, தூண், விரிசல், பாதிக்கல், நாலும் ஒத்துப்போனா? இந்தத் தரை முப்பது வருஷமா இங்கேயே கிடக்கு. பார்க்காத சமையலறையை நீங்க எப்படி வரைஞ்சீங்க?"

"கோப்போட தேதி..."

"கணினிக் கடிகாரத்தைப் பின்னால தள்ளிவெச்சுச் சேமிச்சா எந்தத் தேதி வேணும்னாலும் விழும். தரைக்கல்லைத் தள்ளிவைக்க முடியாது."

பயிற்சியாளர் அடுத்துச் சொன்னதில் அவருடைய யோக்கியதை முழுவதும் தெரிந்தது. "கிடங்குல மூட்டை தூக்கறவளுக்கு இது எதுக்கு? நான்னா இதை மெருகேத்தி எங்கேயோ கொண்டுபோயிருப்பேன்."

கற்க வந்தவளின் உழைப்பைத் திருடிவிட்டு, அவளையே திருடி என்று சொன்ன ஆசாமி! அண்ணி கையிலிருந்த கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

நிலையத் தலைவி குறுக்கே வந்து குழைந்தார். "நடந்தது நடந்துபோச்சும்மா. உன் பேரை மறுபடி சேத்துடறோம். வருத்தம் தெரிவிச்சு வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பறோம். நிலையத்தோட பேரும் இருக்கு பாரு, இதை வெளியில..."

"உன்னை இன்னைக்கே வேலைக்கு எடுத்துக்கறேன்" என்றார் மேலாளர் அவளைப் பார்த்து. "அந்த அரை அடி விதியையும் எடுத்துடாதே. ஆட்டத்துல நல்லது அதுதான்."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் தலைவியின் பக்கமே திரும்பினாள்.

"வேலைக்குப் போறேம்மா. ஆனா கடிதம் வேண்டாம். திருடின்னு சொன்னது கடிதத்துல இல்ல. முப்பது பேர் முன்னாடி. அதே முப்பது பேர் முன்னாடி இவர் எழுந்து நின்னு சொல்லணும்."

மறுநாள் மாலை வகுப்பு நிறைந்திருந்தது. மைத்துனர் யாரும் கேட்காமலே கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றார். பயிற்சியாளர் எழுந்தார், மேசையைப் பார்த்தபடி ஏதோ முனகிவிட்டு உட்காரப் போனார்.

கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள்.

"கேக்கல சார். அன்னைக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு."