கிணற்றடி மரத்துக் கந்தல்கள்

என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. வேறென்ன சொல்ல?

ட்ரம்னாகில் கிராமம் அப்போது கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருந்தது. மேட்டில் நாற்பது புது வீடுகள். எல்லையில் இருந்த பழைய சோதனைச் சாவடி காபிக்கடையாகிவிட்டது. அழகான ஊர் எது என்று தேர்ந்தெடுக்கும் போட்டியின் நடுவர்கள் சனிக்கிழமை வருவதாக இருந்தார்கள். என் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். புனிதக் கிணற்றடி முள்மரம். எல்லைக்கு இருபுறத்து நோயாளிகளும் கட்டிவிட்டுப் போன கந்தல்கள் அதில் மழையில் ஊறி நாறிக்கொண்டிருந்தன.

என் மகள் ப்ரோனா டப்ளினிலிருந்து மேட்டு வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மரத்தைச் சுத்தம் செய்ய அவளையும் இழுத்துப்போனேன்.

ஓடைதான் எல்லை; அந்தப் பக்கம் வடக்கு, வேறு நாடு. அங்கே பக்கத்து நிலத்துக்காரன் மாலக்கி வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

"கான்செப்டா, உனக்கென்ன கிறுக்கா? துணி தானா மக்கி விழுந்தாத்தான் நோய் போகும். கழட்டுறவங்க மேல அது ஏறிக்கும்."

"உன் மூஞ்சிய நாப்பது வருஷமாப் பாக்குறேன். அதுக்கே எனக்கு ஒண்ணும் வரல, போ!"

ப்ரோனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் கையுறை போட்டிருந்தேன். அவள் வெறுங்கையால் ஒரு குழந்தையின் காலுறையை அவிழ்த்தாள். எல்லாவற்றையும் அங்கேயே குவித்து எரித்தோம்.

மாலையில் அவள் இருமினாள்.

சின்னக் குழந்தையின் இருமல்.

முப்பது வயது மகளின் தொண்டையிலிருந்து.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. புதுச் சுண்ணாம்பின் மணத்தை மீறி, அந்த அறையில் கிணற்றுப் பாசியின் வாடை அடித்தது.

"அம்மா... கட்டில் ஓரத்துல யாரு?"

"யாருமில்லடி கண்ணு."

"சின்னப் பொண்ணும்மா. கால் குளிருதாம்."

அன்று மதியமே ஒரு காலுறை பின்னி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். கிளை கைக்கு எட்டவில்லை. மாலக்கி ஓடையைத் தாண்டி வந்து கிளையைத் தாழ்த்திப் பிடித்தான்.

"இத ஏத்துக்குமா, மாலக்கி?"

"எரிச்சதத் திருப்பிக் கட்ட முடியாது, கான்செப்டா." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். இருமல் இல்லை. மாடியிலிருந்து சத்தமே இல்லை. 'தாயே, காப்பாத்திட்டே' என்று வாய்விட்டு அழுதுகொண்டே படியேறினேன்.

ப்ரோனா கண் திறந்தபடி கிடந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. பாதங்கள் மட்டும் பனிக்கட்டி.

பரிசு எங்கள் ஊருக்கே கிடைத்தது. கிணற்றடிக்கு இப்போது பேருந்தில் வந்து படமெடுத்துப்போகிறார்கள். கையுறை போட்டவள் நான் உயிரோடு இருக்கிறேன். இது என்ன நியாயம்?

அவளைப் புதைத்து ஆறு வாரமாகிறது. தினமும் காலையில் என் வாசற்படியில் ஈரக் காலடிகள். ஒரு சின்னப் பாதம், அதை ஒட்டி ஒரு பெரிய பாதம், கைபிடித்து நடத்திவந்ததைப்போல.

"உள்ள வாடி" என்று கெஞ்சுகிறேன். கதவைச் சாத்துவதே இல்லை.

அவை படியோடு திரும்பிவிடுகின்றன.