ஐந்தாவது முகவரி

குடும்பக் குழுவில் இருப்பது நாலே பேர். அக்கா, தங்கை, அண்ணன், அண்ணி. ஆனால் தங்கை காலையில் போட்ட மின்னஞ்சல் ஐந்து முகவரிக்குப் போயிருந்தது.

நம் கடிதங்களை எவனோ ஒருவன் கணினியில் வைப்பானேன் என்று அக்கா வீம்பாக வாங்கி வீட்டிலேயே போட்ட மின்னஞ்சல் சர்வர் அது. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சூடான தூசி வாடையோடு அதன் சின்ன மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அஞ்சல் போன பதிவை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது முகவரி தங்கை கணவனுடையது.

அடி தாங்காமல் தங்கை பிள்ளையோடு ஓடிய அன்றே அவனைக் குழுவிலிருந்து நீக்கியாகிவிட்டது. அவன் ஊர் ஊராகத் தேடினான். மூன்று மாதத்துக்கு முன் ஏரியில் மூழ்கிச் செத்தான். அதன் பிறகுதான் தங்கைக்குத் தான் ஒளிந்திருக்கும் வீட்டு முகவரியை எழுதவே தைரியம் வந்தது. இன்று காலை எழுதியிருந்தாள்.

தப்பு அக்காவுடையதுதான். 'எனக்கு மட்டும் ஒண்ணும் வர்றதில்ல' என்று அவன் ஒருகாலத்தில் மூக்கால் அழுததால், குழுவுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் போகும்படி தனியாக ஒரு திருப்பிவிடல் போட்டிருந்தாள். பேரை நீக்கியவள் அதை நீக்க மறந்துவிட்டாள்.

"புத்தி கெட்டவ," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். செத்தவன் எழுந்து வந்து படிக்கவா போகிறான்? சிரிப்புக்கூட வந்தது. சர்வரில் இன்னும் இருந்த அவன் கணக்கை அழிக்குமுன் அதன் அஞ்சல்பெட்டியைத் திறந்தாள்.

படிக்காத கடிதம் ஒன்றுகூட இல்லை.

அவன் செத்த பிறகு வந்த மூன்று மாதக் கடிதங்கள். எல்லாம் திறக்கப்பட்டிருந்தன. கடைசியாகத் திறந்தது தங்கையின் கடிதம். ஒரு மணி நேரத்துக்கு முன்.

திருப்பிவிடலை நீக்கினாள். கணக்கை அழித்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். முனகல் நின்றது. வீடு முழுக்க அமைதி. அது அந்த முனகலைவிடப் பயமாக இருந்தது.

தங்கையை அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"பெரியம்மாவா?" குழந்தைதான் எடுத்தாள்.

"அம்மா எங்க கண்ணு?"

"சுவரோட ஒட்டி நிக்கிறா. பேச மாட்டேங்குறா."

"வாசக்கதவு பூட்டியிருக்கா?"

"ம். அப்பாதான் பூட்டுனாரு."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பெரியம்மா, அப்பா தலையிலேர்ந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. நானும் துண்டால துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன். நிக்கவே மாட்டேங்குது."