நான்காம் புட்டியின் பூஜ்யம்

பிற்பகல் 3.20. நான்காம் புட்டியின் தண்ணீர் திருட்டுப் போயிருந்தது. புட்டி இருந்தது, அதில் கழுத்துவரை தண்ணீரும் இருந்தது. ஆனால் அது வேறு தண்ணீர்.

தண்ணீரைச் சோதிக்கும் அவளை ஆய்வுக்கூடமே அக்கா என்றுதான் அழைக்கும். கிடங்குக்காரனுக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. அதனால் இயக்குநர் நேரே அவளிடம் வந்தார்.

"கிடங்குச் சாவி உங்க தம்பிகிட்ட மட்டும்தான் இருக்கு. புட்டியை உடைச்சிட்டு வேற புட்டியில குழாய்த் தண்ணியை நிரப்பிட்டான். அஞ்சு மணிக்கு வேலைநீக்க உத்தரவுல கையெழுத்துப் போடறேன்."

"அஞ்சு வரைக்கும் டைம் இருக்குல்ல சார்?"

பாதி பயம், பாதி குஷி. புதிர் என்றால் அவளுக்குப் பசி தூக்கம் மறந்துவிடும்.

ஏழு புட்டிகளும் ஒரே ஆழ்துளையில் எடுத்தவை. அடியில் உப்புப் படுகை, மேலே களிமண். களிமண்ணுக்குள் உப்பு மெல்ல மேலே ஊறும்போது குளோரினின் எடை குறைந்த வகை முந்திக்கொள்ளும், கனத்த வகை பின்தங்கும். ஆகவே மேலே போகப் போக இயந்திரம் காட்டும் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். மற்ற ஆறும் சமர்த்தாக இறங்கின. நான்கு மட்டும் சுத்தமான பூஜ்யம்.

3.50. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"புட்டி எப்போ உன் கைக்கு வந்துச்சு?"

"காலையில எட்டரைக்கு. துளை போடற மேஸ்திரி சீல் வச்சுக் குடுத்தார். அப்படியே பூட்டிட்டேன்க்கா."

"வண்டி ஏழே முக்காலுக்கே வந்துச்சே?"

"கிடங்கு திறக்கலைன்னு உன் ரூம்லதான் உட்கார்ந்திருந்தார். நீ டீ வாங்கக் கேண்டீன் போயிருந்தே."

4.30. துளை போடும் மேஸ்திரி வந்தார். கழுத்தில் உப்பு அளக்கும் மானி தொங்கியது. இயக்குநரும் உடனிருந்தார்.

"நாலாம் புட்டியில உப்பு எவ்வளவுண்ணே?"

"லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம். எழுதிக் கவருக்குள்ள போட்டு ஒட்டி வச்சிருக்கேனே."

"கவரை இப்பதான் பிரிச்சேன். புட்டியிலயும் சரியா பன்னிரண்டு."

"அப்புறம் என்னம்மா?"

"குழாய்த் தண்ணியில இவ்வளவு உப்பு ஏது? அளவு தெரிஞ்சவர் அளந்து கலந்திருக்கார். என் தம்பிக்கு அளவும் தெரியாது, அவன்கிட்ட மானியும் கிடையாது. அதோட, கடல் தண்ணியைத்தான் நாங்க பூஜ்யம்னு வச்சு மத்ததை ஒப்பிடறோம். இந்தக் கட்டடத்துல கடல் தண்ணி என் மேஜைல மட்டும்தான் இருக்கு. அதுல உப்பு லிட்டருக்குச் சுமார் முப்பத்தாறு கிராம்; ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு குழாய்த் தண்ணி கலந்தா பன்னிரண்டு. காலையில இருந்ததுல, ஒரு புட்டியில மூணுல ஒரு பங்கு குறையுது. நீங்கதாண்ணே எடுத்தீங்க."

மேஸ்திரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வண்டி குழியில விழுந்து புட்டி உடைஞ்சிடுச்சும்மா. மறுபடி துளை போட ஒரு மாசம் ஆகும். சமையல் உப்பைக் கரைச்சா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்தேன். உங்க மேஜைப் புட்டியில கடல் தண்ணி, பூஜ்யம்னு எழுதியிருந்துச்சு. பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? உங்க மிஷின்ல தெரியவே தெரியாதுன்னு நினைச்சேன்."

4.52. இயக்குநர் உத்தரவை நான்காகக் கிழித்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"உங்க தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க."

"கதவுக்கு வெளியதான் நிக்கறான் சார். நீங்களே கேளுங்க. சத்தமா."