சாவியைத் திருப்பினால் மங்கும் விளக்கு

"மறுபடியும் திருப்பினீங்க... சாவியைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன்."

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தான். ஷெட்டில் நின்ற காரின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண். குடை இல்லை. மழை அவள் முடியை நெற்றியோடு ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே கண்கள்... பெரிய, கோபமான கண்கள். இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.

எதிர் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். அவள் வண்டிமேல் இருந்த சிவப்பு எழுத்துப் பலகையை அவன் பார்த்திருக்கிறான். அவளைப் பார்த்ததில்லை. கொஞ்ச காலமாக அவன் யாரையுமே பார்ப்பதில்லை.

"என் வண்டி," என்றான்.

"வண்டி உங்களுது. காது என்னுது. எவ்வளவு நேரமா கர்... கர்...னு அதை வதைக்கிறீங்க. பல்லு பிடுங்குறப்பவும் இப்படித்தானா?"

"அதுக்கு ஊசி போடுவேன்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். "பானெட்டைத் திறங்க."

திறந்தான். ஏன் திறந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. "துலக்காத பல்லு மாதிரியே இருக்கு பாருங்க. பழைய பிரஷ் இருக்கா?"

"புதுசுதான் இருக்கு. ஒரு பெட்டி நிறைய."

அவள் கம்பிகளைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி இறுக்கிப் பூட்டினாள். அவன் சாவியைத் திருப்பினான். கர்... டிக். அவ்வளவுதான்.

"சரி, ஹெட்லைட்டைப் போட்டுட்டுத் திருப்புங்க."

அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஷெட்டின் அரையிருட்டில் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. சாவியைத் திருப்பினான்... விளக்கு மங்கியது, முகம் மறைந்தது. கையை எடுத்தான்... முகம் வந்தது. தேவையில்லாமல் இன்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"போதும், போதும். ஸ்டார்ட்டர் கெட்டிருந்தா பெரும்பாலும் லைட் இப்படிச் சோர்ந்து போகாது. பேட்டரியிலதான் தெம்பு இல்ல. கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"தினமும் காலையில ஸ்டார்ட் பண்றேன்."

"ஓட்டினது எப்பன்னு கேட்டேன்."

அவன் ஸ்டியரிங்கைத் தடவினான்.

"ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிடுவேன். இது... என் மனைவியோட வண்டி. போன வருஷம் போயிட்டா. பேட்டரி இறங்கிடக்கூடாதுன்னுதான்..."

அவன் காத்திருந்தான். இப்போது தலை ஒரு பக்கம் சாயும். குரல் குழையும். எல்லோரும் அப்படித்தான்.

அவள் தலை சாயவில்லை. "அதாலதான் இறங்கிச்சு. ஸ்டார்ட் பண்ற ஒவ்வொரு தடவையும் சார்ஜ் போகும். ரெண்டு நிமிஷத்துல அது திரும்பி வராது. நிறுத்தி வெச்சு ஒரு வண்டியைக் காப்பாத்த முடியாதுங்க... ஓட்டணும்."

அவனுக்குக் கோபம் வந்தது. வெகு நாட்களுக்குப் பின் வந்த கோபம். சூடாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

அவள் தன் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். சிவப்புக் கம்பியை இரண்டு பேட்டரிக்கும் மாட்டினாள். கறுப்புக் கம்பியின் ஒரு முனை அவளுடைய பேட்டரிக்கு, மறுமுனை அவன் வண்டி இன்ஜினின் இரும்புக்கு. முதல் திருப்பிலேயே வண்டி உறுமியது. அவள் கம்பிகளைக் கழற்றினாள்.

"ஆஃப் பண்ணாம ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்காருறேன். என் வண்டி இங்கேயே கிடக்கட்டும்."

தெருமுனை வருவதற்குள் அவள் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"அந்தப் பக்கம் பிரேக் கிடையாது," என்றான்.

"தெரியும். இருந்தும் மிதிக்கிறேன்னா உங்க டிரைவிங் எப்படின்னு பாத்துக்கோங்க."

அவன் சிரித்தான். தன் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிட்டான்.

அந்த வாரமே புது பேட்டரி போட்டாயிற்று. இருவரும் சேர்ந்து போகத் தொடங்கிய காலைச் சவாரி மட்டும் நிற்கவில்லை. அதற்குச் சொல்ல இருவரிடமும் காரணம் தீர்ந்துபோயிருந்தது... இருவரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அவளுடைய அண்ணன்தான் கேட்டான். ஒரு மாலை அவனே கிளினிக்குக்கு வந்தான். பல்லில் ஒன்றுமில்லை.

"டாக்டர் சார், என் தங்கச்சிக்கு இளகின மனசு. அடிபட்ட நாயைப் பார்த்தாக்கூட வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவா. நீங்க படிச்சவர்... புரிஞ்சுக்குவீங்க."

புரிந்தது. ஆக, பாவம் பார்த்துத்தான். தலையைச் சாய்க்காமல் பாவப்படவும் ஒருத்தியால் முடியும் போலிருக்கிறது. மறுநாள் காலை அவளிடம், "இனிமே நானே ஓட்டிக்கிறேன்," என்றான்.

"யாரு சொல்லிக்கொடுத்த பாடம் இது?"

அவனுக்குப் பொய் வராது. அண்ணன் சொன்னதைச் சொன்னான். நாய் உட்பட.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். மாடிப்படி முழுக்க விடவில்லை. ஹாலில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"அண்ணா, இவர்கிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். ரெண்டாம் தாரமாப் போகணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? நாலு பேர் முகத்துல நாங்க எப்படி முழிக்கிறது?"

"முழிக்க முடியலைன்னா தூங்கு."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். கண்களில் அதே முதல் நாள் கோபம். "எனக்கு உங்க மேல பாவமெல்லாம் இல்ல. சொல்லப்போனா கடுப்புதான். கியர் மாத்த யோசிக்கிறீங்க... சிரிக்க யோசிக்கிறீங்க... ஆனா காலையில உங்க கேட் சத்தம் கேக்கலைன்னா எனக்கு டீ இறங்க மாட்டேங்குது. நாய்க்குட்டிக்காக எவளாவது டீயை விடுவாளா?"

அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"என் மனைவியை நான் மறக்க மாட்டேன்," என்றான்.

"மறக்கச் சொன்னது யாரு?"

இழவு வீட்டில் எல்லோரும் அவனுக்காகப் பேசினார்கள். அதன் பின்னும் எல்லோரும் அவனுக்காகவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். போதும்.

"சார்," என்றான் அண்ணனிடம். "நீங்க சம்மதிச்சா சந்தோஷம். சம்மதிக்கலைன்னாலும் நான் இவங்களைத்தான் கட்டிக்குவேன். எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அண்ணன் பேப்பரை மடித்தான். தங்கையிடம் முணுமுணுத்தான். "வாயே திறக்க மாட்டார்னு சொன்னே..."

எதையும் நேராகப் பார்க்கிற அவள் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. காது மடல் சிவந்திருந்தது.

"திரும்பச் சொல்லுங்க," என்றாள் மெல்ல. "அம்மாவுக்குக் கேட்டிருக்காது..."

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு," என்றது சமையலறை.

அவன் திரும்பவும் சொன்னான்.